மூணும் மூணும் ஆறு

ஒரு சின்னக் கணக்கு. மூணும் மூணும் எத்தனை? ஆறு. நாலும் மூணும்? ஏழு. மூணும் நாலும்? அதுவும் ஏழுதானே, இதிலென்ன சந்தேகம் என்பீர்கள். சந்தேகம் இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் மூணு கூட்டல் நாலு வேறு, நாலு கூட்டல் மூணு வேறு. முன்னது என்றால் டாக்டர் ஓரளவு தைரியம் சொல்லி அனுப்புவார். பின்னது என்றால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கொஞ்சம் விவரமாகவே பேச ஆரம்பிப்பார்.

புராஸ்டேட் சுரப்பியில் ஊசியை விட்டு எடுத்த சதைத் துணுக்குகளைப் பார்த்துவிட்டு லேப் கொடுக்கிற ரிப்போர்ட்டில்தான் இந்தக் கணக்கு வரும். ‘கிளீசன் ஸ்கோர் 3 + 3 = 6’ என்று ஒரு வரி. வீட்டில் அறுபதைத் தாண்டிய ஆண்கள் இருந்தால் உங்கள் கண்ணிலும் எப்போதாவது பட்டிருக்கலாம். ஆறா? எத்தனைக்கு ஆறு? பத்துக்கு. பத்துக்கு ஆறு என்றால் நம்மூர்க் கணக்கில் ஃபர்ஸ்ட் கிளாஸ். இங்கே ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கினால் நல்லதா, கெட்டதா?

அதைச் சொல்வதற்கு நூற்றெழுபது வருடக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிளீசன் என்பது கருவியின் பெயரோ, ரசாயனத்தின் பெயரோ இல்லை. ஒரு மனிதர். பென்சிலை எடுத்துப் படம் வரைந்தவர்.

முதலில் இடம், பொருள். புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. மூத்திரப் பைக்குக் கீழே, மூத்திரக் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. இளவயதில் பெரிய நெல்லிக்காய் சைஸ். விந்துத் திரவத்தில் ஒரு பங்கு இதன் உற்பத்தி. ஐம்பதுக்கு மேல் பலருக்கு இது பெருக்க ஆரம்பிக்கும். ராத்திரியில் மூணு தடவை, நாலு தடவை எழுந்து பாத்ரூம் போகவைக்கும். அது வெறும் வீக்கம். புற்றுநோய் தனிக் கதை.

அந்தத் தனிக் கதையின் முதல் பக்கம் 1853-ல் லண்டனில் எழுதப்பட்டது. லண்டன் ஹாஸ்பிடலில் ஜான் ஆடம்ஸ் என்று ஒரு சர்ஜன். ஐம்பத்தொன்பது வயது நோயாளி ஒருவரின் புராஸ்டேட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது புற்றுநோய்தான் என்று ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதினார். கூடவே, இது மிக மிக அபூர்வமான வியாதி என்றும் குறித்து வைத்தார். அபூர்வம்! 2022-ல் மட்டும் உலகம் முழுக்க 14 லட்சம் பேருக்கு மேல் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஆண்களின் புற்றுநோய்களில் நுரையீரலுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஆடம்ஸ் பொய் சொல்லவில்லை. அவர் காலத்தில் இந்த நோய் வருகிற வயது வரை உயிரோடு இருந்தவர்களே குறைவு. இருந்தவர்களும், ‘வயசாச்சு, மூத்திரம் நின்னுபோச்சு’ என்கிற ஒரு வரி விளக்கத்தோடு போய்ச் சேர்ந்தார்கள். யார் திறந்து பார்த்தது?

திறந்து பார்த்தவர் ஒருவர் இருந்தார். அமெரிக்காவில், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆர்னால்ட் ரிச். பிரேதப் பரிசோதனை செய்கிற பேதாலஜிஸ்ட். ஐம்பது வயதைத் தாண்டி வேறு வேறு காரணங்களால் இறந்த ஆண்களின் புராஸ்டேட்டை வெட்டிப் பார்த்து 1935-ல் ஒரு கணக்குச் சொன்னார். நூற்றுக்குப் பதினாலு பேருக்கு உள்ளே புற்றுநோய் இருந்தது. ஏழு பேரில் ஒருவர்! அவர்களில் பலருக்கு அப்படி ஒன்று தனக்குள் இருப்பதே தெரியாது. நிமோனியாவிலோ மாரடைப்பிலோ செத்துப்போனவர்கள். புற்று பாட்டுக்கு ஒரு மூலையில் சுருண்டு கிடந்திருக்கிறது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். அதே நோய் இன்னொருவருக்கு வந்து, முதுகெலும்புக்குப் பரவி, ஒரே வருஷத்தில் ஆளைப் படுக்கையில் தள்ளிக் கொன்றும் இருக்கிறது. பெயர் ஒன்று. குணம் இரண்டு. ஒன்று வீட்டுத் திண்ணையில் தூங்குகிற பூனை. மற்றது புலி. குட்டியாக இருக்கும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். எது எது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

வைத்தியம் மட்டும் இந்தக் கேள்விக்காகக் காத்திருக்கவில்லை. 1904-லேயே ஹ்யூ ஹாம்ப்டன் யங் என்பவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சுரப்பியை முழுசாக வெட்டி எடுக்கிற ஆபரேஷனைச் செய்துவிட்டார். 1941-ல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் இன்னொரு வழியைக் காட்டினார். ஆண் ஹார்மோன்தான் இந்தப் புற்றுக்குச் சாப்பாடு. விரைகளை நீக்கிவிட்டாலோ, பெண் ஹார்மோன் கொடுத்தாலோ பரவிய நோய்கூடச் சுருங்குகிறது என்று நிரூபித்தார். வலியில் துடித்தவர்கள் எழுந்து நடந்தார்கள். இதற்காக 1966-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வருஷத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

ஆக, கத்தி இருக்கிறது, ஹார்மோன் மாத்திரை இருக்கிறது. யாருக்கு எது? யாருக்கு எதுவுமே வேண்டாம்? தெரியாது. டாக்டருக்கு எது பழக்கமோ அது.

ஒரு சின்ன வெளிச்சம் வேறொரு பக்கத்திலிருந்து வந்திருந்தது. 1920-ல் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆல்பர்ட் பிராடர்ஸ், உதட்டில் வருகிற புற்றுநோய்கள் 537-ஐ எடுத்துப் பார்த்தார். செல்கள் எந்த அளவுக்குத் தங்கள் பழைய உருவத்தை மறந்திருக்கின்றனவோ அந்த அளவுக்கு ஆபத்து என்று கண்டு, ஒன்று முதல் நான்கு வரை மார்க் போட்டார். நோயின் ஜாதகத்தை மைக்ராஸ்கோப்பிலேயே படிக்கலாம் என்கிற எண்ணம் பரவ ஆரம்பித்தது இதிலிருந்துதான். உடனே ஆளாளுக்கு ஒரு முறை. புராஸ்டேட்டுக்கு மட்டும் எத்தனையோ மார்க் திட்டங்கள் வந்தன. ஒருவர் செல்லின் உட்கருவைப் பார்ப்பார். இன்னொருவர் பிரிகிற செல்களை எண்ணுவார். ஒரு ஊர் லேப்பில் ‘சாது’ என்ற நோய் அடுத்த ஊர் லேப்பில் ‘முரடு’ ஆனது. அதைவிடக் கொடுமை, புராஸ்டேட் புற்றில் ஒரே துணுக்குக்குள்ளேயே ஒரு மூலை சாதுவாகவும் மறு மூலை முரட்டுத்தனமாகவும் இருக்கும். எதற்கு மார்க் போடுவது?

இப்போது மினியாபொலிஸ் போகலாம்.

அமெரிக்காவில் மாஜி ராணுவத்தினருக்கென்று அரசாங்கமே நடத்துகிற ஆஸ்பத்திரிகள் நாடு முழுக்க உண்டு. வயதான ஆண்கள் ஆயிரக்கணக்கில் வந்துபோகிற இடங்கள். புராஸ்டேட் ஆராய்ச்சிக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்குமா? 1960 வாக்கில் இந்த ஆஸ்பத்திரிகளின் சிறுநீரகப் பிரிவு டாக்டர்கள் சேர்ந்து ஒரு கூட்டாய்வைத் தொடங்கினார்கள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துக்கொண்டார்கள். நோய் முற்றியவர்களில் சிலருக்கு விரை நீக்கம், சிலருக்குப் பெண் ஹார்மோன், சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெறும் மாவு மாத்திரை. ஆரம்பக் கட்ட நோயாளிகளில் சிலருக்கு ஆபரேஷன், மற்றவர்களுக்கு மாவு மாத்திரை மட்டும். பிறகு சாகும்வரை தொடர்ந்து கணக்கெடுப்பது. இன்றைக்கு இது சாதாரணம். அன்றைக்கு, ‘கேன்சர் பேஷன்ட்டுக்கு மாவு மாத்திரையா?’ என்று யாருக்கும் கேட்கத் தோன்றும்.

இந்தக் கூட்டாய்வுக்குத் தலைமை தாங்கியவர் ஜார்ஜ் மெல்லிங்கர். மினியாபொலிஸ் மாஜி ராணுவத்தினர் ஆஸ்பத்திரியின் சிறுநீரகவியல் பிரிவுத் தலைவர். பல ஊர்களிலிருந்து ஸ்லைடுகள் வருகின்றன, எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளந்தால்தானே ஒப்பிட முடியும்? அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு பேதாலஜிஸ்ட்டிடம் 1962-ல் விஷயத்தைச் சொன்னார். அவர்தான் டொனால்ட் கிளீசன்.

1920-ல் அயோவா மாநிலத்தில் பிறந்து, மினசோட்டாவில் லிட்ச்ஃபீல்ட் என்கிற சின்ன ஊரில் வளர்ந்தவர். படித்ததும் மினசோட்டா பல்கலைக்கழகம்தான். மெல்லிங்கர் கேட்டபோது வயது நாற்பதை ஒட்டி. புராஸ்டேட் நிபுணர் என்று அவருக்கு அப்போது பெயரெல்லாம் கிடையாது. ஒருவிதத்தில் அதுவே நல்லதாகப் போயிற்று என்று நினைக்கிறேன். ஏற்கெனவே இருந்த திட்டங்களில் ஒன்றுக்கு ஜால்ரா தட்டவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

ஸ்லைடு என்றால் என்ன என்று தெரிந்தால்தான் அவர் செய்த காரியத்தின் ருசி தெரியும். உடம்பிலிருந்து எடுத்த துணுக்கை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, இரண்டு சாயம் ஏற்றுவார்கள். ஒன்று ஊதா நீலம், மற்றது ரோஜா. நீலச் சாயம் மெக்ஸிகோ பக்கத்துக் காட்டு மரம் ஒன்றின் கட்டையிலிருந்து வருவது. ஒரு காலத்தில் கடற்கொள்ளைக்காரர்கள் அந்தக் கட்டையை வெட்டி ஐரோப்பாவின் துணிச் சாயக்காரர்களுக்கு விற்றிருக்கிறார்கள். அது தனிப் புராணம், விட்டுவிடலாம். நீலத்தில் செல்லின் உட்கரு தெரியும். ரோஜாவில் மற்றதெல்லாம்.

வழக்கமாக பேதாலஜிஸ்ட்டுகள் லென்ஸை மாற்றி மாற்றி, பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒவ்வொரு செல்லின் முகத்தையும் பார்ப்பார்கள். கிளீசன் அதைச் செய்யவில்லை. மிகக் குறைந்த பெருக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒரு நகரத்தை ஏரோப்ளேனிலிருந்து பார்ப்பதுபோல. தெருவில் நடக்கிற ஆள் எப்படி இருக்கிறான் என்பது அவருக்கு முக்கியமில்லை. ஊரின் லே-அவுட் எப்படி இருக்கிறது? அதை மட்டும் பார்த்தார்.

நல்ல புராஸ்டேட் என்பது ஒழுங்கான குடியிருப்பு. வட்ட வட்டமாகச் சுரப்பி அறைகள், ஒவ்வொன்றுக்கும் சுவர், நடுவில் முற்றம். புற்று வரும்போது இந்த லே-அவுட் கெடுகிறது. எப்படிக் கெடுகிறது என்பதைத்தான் அவர் உட்கார்ந்து கையால் வரைந்தார். பிறகு அதில் ஐந்து தினுசுகளைப் பிரித்தார்.

முதல் தினுசில் குட்டி வீடுகள் நெருக்கமாக, ஒரே அளவாக, ஒரு காம்பவுண்டுக்குள் அடங்கி நிற்கின்றன. இரண்டாவதில் காம்பவுண்டு கொஞ்சம் தளர்கிறது. மூன்றாவதில் வீடுகள் தனித்தனியாகத்தான் இருக்கின்றன, ஆனால் அளவு தாறுமாறு. பக்கத்து மனைகளில் புகுந்து ஆக்கிரமிப்பு. நான்காவதுதான் பயங்கரம். சுவர்கள் இடிந்து ஒரு வீடு இன்னொரு வீட்டோடு ஒட்டிக்கொள்கிறது. சில இடத்தில் ஒரே பெரிய கட்டி, அதில் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக. ஐந்தாவதில் வீடே இல்லை. செல்கள் கூட்டம் கூட்டமாக, அல்லது ஒற்றை ஒற்றையாக, நடுத்தெருவில் அலைகின்றன.

படம் கறுப்பு வெள்ளை. மேலிருந்து கீழாக ஐந்து அடுக்கு. பார்த்தால் ஏதோ காமிக்ஸ் புத்தகத்துப் பின்னணிக் காட்சி என்று நினைப்பீர்கள். பேதாலஜி படித்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவார்கள்.

படம் வரைவது பெரிய விஷயமில்லை. அடுத்து நடந்ததுதான் பெரிய விஷயம். கிளீசன் மார்க் போட்டபோது, அந்த நோயாளி இருக்கிறாரா, போய்விட்டாரா, என்ன வைத்தியம், எத்தனை வருஷம் தாங்கினார், எதுவும் அவருக்குத் தெரியாது. ஸ்லைடைப் பார், தினுசைச் சொல், அவ்வளவுதான். அந்த எண்களை ஜான் பெய்லர் என்கிற புள்ளியியல்காரர் வாங்கிக்கொண்டு, நோயாளிகளின் முடிவுகளோடு பொருத்திப் பார்த்தார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவருக்குப் பையன் யார் என்று தெரியக்கூடாது என்போமே, அந்த ஏற்பாடு. ‘இது கொடியது என்று எனக்கு அப்போதே தெரியும்’ என்று பின்னால் கதை விடுவதற்கு இடமே இல்லை.

பொருந்தியது. சும்மா சொல்லக்கூடாது, அழகாகவே பொருந்தியது. தினுசின் எண் ஏற ஏறச் சாவு எண்ணிக்கையும் ஏறியது. ஏரோப்ளேனிலிருந்து பார்த்தே ஊரின் தலைவிதியைச் சொல்ல முடிந்தது!

இதில் ஒரு கொசுறு. ஒரே துணுக்கில் இரண்டு தினுசு இருக்கும் என்றேனே, அதை என்ன செய்வது? ‘இருப்பதிலேயே மோசமானதைச் சொல்லு’ என்பதுதான் பொதுவான புத்தி. கணக்குப் பார்த்தபோது அப்படி வரவில்லை. இரண்டு தினுசு கலந்தவர்களின் சாவு விகிதம் அந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தது. சரி, அப்படியானால் அதிகமாகத் தெரிகிற தினுசு ஒன்று, அதற்கடுத்தது ஒன்று, இரண்டையும் கூட்டிவிடு. ஒரே தினுசுதான் இருக்கிறதா? அதையே இரண்டு தடவை கூட்டு. அங்கே பிறந்ததுதான் மூணும் மூணும் ஆறு. குறைந்தது இரண்டு, அதிகம் பத்து.

1966-ல் முதல் கட்டுரை வெளியானது. ஹக்கின்ஸ் நோபல் மேடை ஏறிய அதே வருஷம். கிளீசனின் கட்டுரை வந்ததோ, அதிகம் பேர் புரட்டாத ஒரு கீமோதெரபிப் பத்திரிகையில். யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. 1974-ல் ஆயிரத்துச் சொச்சம் நோயாளிகளோடு மறுபடி எழுதினார். பிறகு இந்த எண்ணிக்கை 2,900 வரை போனது. அப்போதும் பல பெரிய ஆஸ்பத்திரிகள் தங்கள் சொந்தத் திட்டத்தை விடவில்லை. 1980-களின் பிற்பகுதியில்தான் கிளீசன் பொது மொழி ஆனது.

நடுவில் அந்தக் கூட்டாய்வு இன்னொரு குண்டையும் போட்டது. 1967-ல் வெளிவந்த முடிவு: தினமும் ஐந்து மில்லிகிராம் பெண் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டவர்களில் புற்றுநோய்ச் சாவு குறைந்தது. ஆனால் மாரடைப்பும் ரத்தக்குழாய் அடைப்பும் வந்து செத்தவர்கள் அதிகம். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கியிருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேலாக உலகமே நம்பிக் கொடுத்த மருந்து! மாவு மாத்திரைக் கும்பல் ஒன்று பக்கத்தில் இல்லாவிட்டால் இது தெரிந்தே இருக்காது.

இதுவரை கதை நன்றாகத்தான் போகிறது. அடுத்து வந்தது பி.எஸ்.ஏ.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கிற ஒரு புரதம். பஃபலோ நகரத்து ராஸ்வெல் பார்க் ஆராய்ச்சி நிலையத்தில் மிங் சூ என்பவரின் குழு 1979-ல் அதைப் பிரித்தெடுத்தது. கொஞ்சம் ரத்தம் எடுத்தால் போதும், அளவு தெரிந்துவிடும். ஏற்கெனவே நோய் உள்ளவர்களைக் கண்காணிக்க 1986-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. 1994-ல் நோயைத் தேடிக் கண்டுபிடிக்கவும் அனுமதி. அவ்வளவுதான், ஆரம்பித்தது திருவிழா. ஒரு தொந்தரவும் இல்லாமல் மாஸ்டர் செக்-அப்புக்கு வந்தவர்கள்கூட, பி.எஸ்.ஏ. கொஞ்சம் கூட என்று சொல்லி, ஊசி பயாப்ஸிக்கு அனுப்பப்பட்டார்கள். ரிச் 1935-ல் பிரேதங்களில் பார்த்தாரே, அந்தத் தூங்குகிற பூனைகள், அவற்றை இப்போது உயிரோடு இருக்கிறவர்களின் உடம்பில் தட்டி எழுப்பினார்கள். ‘கேன்சர்’ என்ற வார்த்தையைக் கேட்டபின் சும்மா இருக்க யாருக்கு மனசு வரும்? வெட்டி எடுத்துவிடுங்கள் டாக்டர். எடுத்தார்கள். பலருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் கட்டுக்குள் நிற்கவில்லை. தாம்பத்திய வாழ்க்கை முடிந்துபோனது. பலருக்கு, அந்த ஆபரேஷனே தேவைப்பட்டிருக்காது.

கிளீசன் மார்க் இருந்ததே, அது இவர்களைக் காப்பாற்றியிருக்க வேண்டாமா? இங்கேதான் ஒரு கோளாறு. ஊசியில் வருகிற துணுக்கு ஒரு நூல் கனம். அதில் முதல் தினுசு, இரண்டாம் தினுசு என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. காம்பவுண்டு சுவர் தெரிந்தால்தானே? அதோடு, ஒழுங்கான சுரப்பியைச் சுற்றி அடிப்புறமாக ஒரு செல் வரிசை உண்டு, புற்றில் அது காணாமல் போகும். அந்த வரிசையைத் தனியாகக் காட்டும் சாயங்கள் பின்னாளில் வந்தன. கிளீசன் அந்தக் காலத்தில் ஒன்று என்று மார்க் போட்டவற்றில் பல, புற்றுநோயே இல்லை என்று இப்போது சந்தேகிக்கிறார்கள். 2000-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ஜோனதன் எப்ஸ்டீன், ஊசி பயாப்ஸியில் இரண்டு, மூன்று, நான்கு என்கிற ஸ்கோரே தரக்கூடாது என்று எழுதினார். நடைமுறையில் ஐந்தும் ஒழிந்தது. விளைவு? பத்துக்கு இரண்டில் தொடங்கவேண்டிய அளவுகோல் ஆறில் தொடங்க ஆரம்பித்தது.

அதாவது, கிடைக்கக்கூடியதிலேயே மிகக் குறைந்த மார்க் ஆறு! இதை டாக்டர் விளக்கிச் சொல்வதற்குள் நோயாளி மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுகிறார். பத்துக்கு ஆறு. பாதிக்கு மேலே. போச்சு. ‘எப்போ டாக்டர் ஆபரேஷன்?’

அளவுகோல் நகர்ந்ததில் ஒரு வேடிக்கையும் நடந்தது. பீட்டர் ஆல்பர்ட்சன் என்கிற டாக்டரும் சகாக்களும், கனெக்டிகட் மாநிலத்தில் 1990 முதல் 1992 வரை எடுக்கப்பட்ட பயாப்ஸி ஸ்லைடுகளைப் பத்து வருஷம் கழித்து மறுபடி மார்க் போடவைத்தார்கள். அதே ஸ்லைடு, அதே நோயாளி. சராசரி ஸ்கோர் 5.95-லிருந்து 6.8-க்கு ஏறிவிட்டது. பழைய ஐந்துகள் ஆறாகின, பழைய ஆறுகள் ஏழாகின. இதனால் என்ன ஆகிறது? ஒரு ஸ்கூலில் ஏ செக்‌ஷன், பி செக்‌ஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ-வில் சராசரி எண்பது, பி-யில் நாற்பத்தைந்து. ஏ-வில் கடைசியாக அறுபது மார்க் வாங்குகிற பையனைத் தூக்கி பி-யில் போட்டால், ஏ-வின் சராசரியும் ஏறும், பி-யின் சராசரியும் ஏறும். ஒரு பையன்கூடப் புதிதாக எதையும் படிக்கவில்லை! வில் ராஜர்ஸ் என்கிற அமெரிக்க நகைச்சுவைக்காரர் ஓக்லஹோமாக்காரர்களையும் கலிஃபோர்னியாக்காரர்களையும் வைத்து அடித்ததாகச் சொல்லப்படும் ஜோக் இது. மருத்துவப் புள்ளியியலில் அவர் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. புது மார்க்கின்படி கணக்கிட்டால் அந்தக் கனெக்டிகட் நோயாளிகளின் சாவு விகிதம் 28 சதவீதம் குறைந்ததுபோலத் தெரிந்தது. வைத்தியத்தில் ஒரு முன்னேற்றமும் இல்லாமலே.

கிளீசன் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ரகமில்லை. தன் முறையின் ஓட்டைகளை அவரே சொல்லியிருக்கிறார். தான் ஏற்கெனவே பார்த்த ஸ்லைடைத் தானே மறுபடி பார்த்தால், அதே ஸ்கோரை அச்சாகத் தருவது சுமார் பாதித் தடவைதான். ஒரு மார்க் முன்னே பின்னே என்றால் நூற்றுக்கு எண்பத்தைந்து தடவை என்று 1992-ல் எழுதினார். தன் பெயரைத் தாங்கிய திட்டத்தைப் பற்றி இப்படி எழுத எத்தனை பேருக்கு மனசு வரும்? மாரடைப்பால் 2008 டிசம்பரில், 88 வயதில் காலமானார்.

அவருக்குப் பின்னால் ரிப்பேர் வேலைகள் நடந்தன. 2014-ல் சிகாகோவில் உலகத்துப் பேதாலஜிஸ்ட்டுகள் கூடி, சல்லடை ஓட்டைத் தினுசு எங்கே தெரிந்தாலும் அது நான்காம் தினுசுதான் என்று தீர்மானித்தார்கள். இன்றைய தேதிக்கு அந்தச் சல்லடைதான் முக்கிய வில்லன். ஒரே நான்கு ஆனாலும், சல்லடை உள்ள நான்கு மற்ற நான்கைவிட மோசம். நரம்பை ஒட்டிப் புற்று ஊர்ந்திருக்கிறதா, நூல் துணுக்கில் எத்தனை சதவீதம் நான்கு என்பதையும் எழுதுகிறார்கள். கூடவே ஒரு புது மார்க்: ஒன்று முதல் ஐந்து வரை ‘கிரேட் குரூப்’. பழைய ஆறு இப்போது குரூப் ஒன்று. மூணு கூட்டல் நாலு, குரூப் இரண்டு. நாலு கூட்டல் மூணு, குரூப் மூன்று. எட்டு, குரூப் நான்கு. ஒன்பதும் பத்தும் குரூப் ஐந்து. ஏன் இந்த ஏழுகளைப் பிரித்தார்கள் என்று இப்போது புரிந்திருக்கும். முதலில் எழுதுகிற எண்தான் அதிகம் உள்ள தினுசு. ஊரில் பெரும்பாலும் வீடுகள் நிற்கின்றனவா, அல்லது பெரும்பாலும் இடிந்து ஒட்டிக்கிடக்கின்றனவா என்பது சின்ன வித்தியாசமா?

ஆறு வாங்கியவர்களுக்கு உண்மையான ஆறுதல் பிரிட்டனிலிருந்து வந்தது. 1999 முதல் 2009 வரை 82,000-க்கு மேற்பட்ட ஆண்களுக்கு பி.எஸ்.ஏ. பார்த்து, நோய் சுரப்பியைத் தாண்டாதவர்களில் சம்மதித்த 1,643 பேரைக் குலுக்கலில் மூன்றாகப் பிரித்தார்கள். ஆபரேஷன், கதிர்வீச்சு, மூன்றாவது கும்பலுக்கு உடனடி வைத்தியம் கிடையாது, கண்காணிப்பு; நோய் வளர்கிற அறிகுறி தெரிந்தால் வைத்தியம். முக்கால்வாசிப் பேர் ஸ்கோர் ஆறு. பதினைந்து வருஷம் கழித்து 2023-ல் முடிவு: புராஸ்டேட் புற்றால் செத்தவர்கள் மொத்தம் 45 பேர். நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. மூன்று கும்பலுக்கும் நடுவே சாவில் குறிப்பிட்டுச் சொல்கிற வித்தியாசம் கிடையாது. கண்காணிப்பில் இருந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் கடைசிவரை எந்த வைத்தியமும் இல்லாமல் உயிரோடு இருந்தார். ஆனால் முழுசாகச் சொல்லிவிட வேண்டும்: கண்காணிப்புக் கும்பலில் நோய் பரவியவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர், மற்ற இரண்டில் ஐந்து பேர். பூனை என்று நினைத்தவற்றில் சில புலிகளும் இருந்திருக்கின்றன. அதனால்தான் கண்காணிப்பு என்றால் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது இல்லை, பி.எஸ்.ஏ., ஸ்கேன், தேவைப்பட்டால் மறுபடி பயாப்ஸி என்று விடாமல் துரத்திக்கொண்டே இருப்பது.

2021-ல் அமெரிக்க அரசு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு அனுமதி கொடுத்தது. ஸ்லைடின் படத்தைப் பார்த்து, இந்த இடத்தில் புற்று இருக்கிறது போலிருக்கிறது, பாருங்கள் என்று பேதாலஜிஸ்ட்டுக்குச் சுட்டிக்காட்டும். தினுசு பிரித்து மார்க் போடுகிற புரோகிராம்களும் வந்துவிட்டன. அவற்றுக்குப் பாடம் நடத்துவதும் கிளீசனின் ஐந்து அடுக்கை வைத்துத்தான்.

2022-லிருந்து ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்கோர் ஆறுக்கு ‘கேன்சர்’ என்ற பெயரையே எடுத்துவிடலாம் என்கிறது ஒரு கட்சி. பெயரைக் கேட்டே ஜனங்கள் கத்தியைத் தேடி ஓடுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். எதிர்க்கட்சி சொல்வது, மைக்ராஸ்கோப்பில் அது புற்றுதான், பக்கத்து மனையில் புகுகிறது. தவிர, பெயரை எடுத்துவிட்டால் ஆறு மாசம் கழித்து செக்-அப்புக்கு ஒருத்தர் வரமாட்டார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. தீர்ப்பு இன்னும் வரவில்லை. அதுவரை ரிப்போர்ட்டில் ‘3 + 3 = 6, கிரேட் குரூப் 1’ என்று இரண்டையும் அச்சடித்துத் தருவார்கள். கையில் கிடைத்தால் கூட்டல் விடையைப் பார்க்காதீர்கள். முதல் எண் என்ன, நாலு எங்கேயாவது இருக்கிறதா, இருந்தால் எத்தனை சதவீதம், அதில் சல்லடை உண்டா, இந்த நாலு கேள்வியையும் ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.